பாறை என்று சொன்னவர்

கால்வாயில் தண்ணீர் வடிந்து ஒரு வாரமாக ஊரில் பாதிப் பேர் பாலத்தைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் அந்தக் கல்பாலத்தை இடுப்புக்கு மேலேதான் தெரியும். மூன்று வளைவுகள், நடுவில் இரண்டு தூண்கள், தூண்களின் பாதி உயரம்வரை பச்சைத் தண்ணீர். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. இப்போது தூண்கள் முழங்காலும் பாதமுமாக நின்றன. கண்டிப்பான தலைமையாசிரியரைத் திடீரென்று அரைக்கால் சட்டையில் பார்த்துவிட்ட மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது.

சேற்றில் சைக்கிள் சக்கரங்களும் ஒற்றைச் செருப்புகளும் ஒரு தையல் மெஷினின் இரும்புக் காலும் கிடந்தன. கால்வாய்க்குச் சிமெண்ட் தளம் போடுவதற்காகத் தண்ணீரை வடித்திருந்தார்கள். பொக்லைன் ஒன்று தூண்களைச் சுற்றிப் படிந்திருந்த வண்டலை வாரி எடுத்துவிட்டு ஓரமாக நின்றது.

கூட்டம் என் பெரியப்பாவுக்காகக் காத்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஊரிலேயே அந்தத் தண்ணீருக்கு அடியில் போய்வந்த ஒரே ஆள் அவர்தான். காதில் சீழ் வைத்து, மகள் வீட்டில் தங்கி வைத்தியம் பார்த்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். அவர் தலை தெரிந்ததுமே படியில் உட்கார்ந்திருந்த சைக்கிள் கடைக்காரர் கத்தினார்.

"நீர்க்காகம் வந்தாச்சு! வாங்கண்ணே, வாங்க. உங்க வீட்டுக் கூரையைப் பிரிச்சுட்டாங்க!"

"எவன்டா பிரிச்சது? வாடகை குடுத்தானா?" என்று பெரியப்பா திருப்பிக் கத்தினார். பல வருடம் ஆழத்தில் மூழ்கிக் காது மந்தமானதால் அவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார். கல்யாண வீட்டில் அவர் காதில் ரகசியம் சொன்னால் அது அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

செருப்பைக் கழற்றிப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார். தூணின் அடியில் அதைச் சுற்றி ஒரு படிபோல நீட்டிக்கொண்டிருந்த கரிய திட்டின்மேல் ஏறி நின்றார். மூழ்கி வேலை செய்யும்போதெல்லாம் அவர் கால் ஊன்றிக்கொள்வது, வண்டலுக்கு மேலே துருத்திய அந்தத் திட்டின் விளிம்பில்தான். கூட்டத்தைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார். யாரோ விசிலடித்தார்கள்.

பிறகு குத்தவைத்து உட்கார்ந்து அந்தத் திட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். விரலால் எதையோ துழாவினார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"பாப்பா, இங்க வா."

அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். சேற்றில் இறங்கி, ஒரு செருப்பைப் பறிகொடுத்து, அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இது என்ன?"

"கல்லுதானே பெரியப்பா?"

"தொடு."

தொட்டேன். நிழலில் இருந்தும் வெதுவெதுப்பாக இருந்தது. மேலே சிப்பி ஓடு மாதிரி சுண்ணாம்புப் பொருக்கு. அந்தப் பொருக்கு ஒரு கோடாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் விரல் நுழைந்தது. அவர் அதிலிருந்து எதையோ பிய்த்து என் கையில் வைத்தார். கறுப்பாக, நார் நாராக இருந்தது.

"மரம்" என்றார். "பாலம் மரத்துமேல நிக்குது."

இந்த இடத்தில் அவர் யார் என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அந்தச் சொல் அவரை என்ன செய்தது என்பது புரியாது.

பெரியப்பாவின் தொழில் முக்குளிப்பது. மதகுக் கதவில் சிக்கிய கொடிகளை அறுப்பார். கிணற்றில் விழுந்த பம்ப்பைக் கயிறு கட்டி ஏற்றுவார். கால்வாயில் விழுந்த சாவி, செல்போன், வளையல், ஒரு தடவை ஒரு பல்செட், எல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். மூழ்கிப்போனவர்களையும் எடுத்திருக்கிறார். அந்த நாட்களில் வீட்டில் யாரும் அவரிடம் எதுவும் கேட்க மாட்டோம். கால்வாய்த் தண்ணீரில் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், அவ்வளவு கலங்கல். அதனால் அவருடைய வேலை முழுக்கக் கையாலும் காலாலும்தான். கரையில் கயிறு பிடிப்பது பெரியம்மா. "என் உசுருமேல அக்கறை உள்ள ஆளாப் பார்த்துக் கயிறு குடுக்கணும்" என்று பெரியப்பா சொல்வார். "அக்கறையா? இவரு போயிட்டா வீட்டுல எவனைத் திட்டுறது, அதுக்குத்தான்" என்பார் பெரியம்மா.

வருடத்துக்கு ஒரு தடவை, தண்ணீர் குறையும் மாதத்தில், பாலத்தின் தூண்களை அவர் சோதிப்பார். கால்வாய் அலுவலகம் அவருக்குக் கொடுத்த ஒரே நிரந்தர வேலை அது. இரும்புக் கம்பியோடு இறங்கி வண்டலுக்குள் குத்திப் பார்த்துவிட்டு வருவார். சேறென்றால் கம்பி போய்க்கொண்டே இருக்கும். கல்லென்றால் முழங்கைவரை அதிரும். மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு ஒரே சொல் சொல்வார்: "பாறை." ஓவர்சியர் எழுதிக்கொள்வார். ஊருக்கு அது ஒரு வேடிக்கை. டீக்கடையில் யாராவது "பாலம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் மற்றவர்கள் சேர்ந்து "பாறை!" என்பார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீ குடிப்பார். மற்ற எதற்கும் யாரும் அவர் பேச்சைக் கேட்டதில்லை. தண்ணீருக்கடியில் என்ன இருக்கிறது என்பதற்கு மட்டும் அவர் வைத்ததுதான் சட்டம்.

நான் அவருடைய தம்பி மகள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். வரலாறு படித்தேன். அப்பா மூட்டை தூக்குபவர். நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் "பழசையெல்லாம் படிக்குது" என்று பெருமையும் கவலையுமாகச் சொல்வார். படித்து முடித்து வேலையில்லாமல் இருந்தபோது, பாலத்தின் அருகே வைக்கப்போகும் தகவல் பலகைக்கு வரலாறு எழுதித்தரும் வேலை கால்வாய் அலுவலகத்தில் கிடைத்தது.

அதற்காகப் படித்ததில் ஒன்று என்னைத் தூக்கிவாரிப்போட்டது. பாலம் கட்டியபோது அங்கே தண்ணீரே இல்லை. வெட்டவெளி. கால்வாய் எந்த வழியாக வரும் என்று கோடு போட்டுவிட்டு, அந்தக் கோட்டின்மேல் முதலில் பாலத்தைக் கட்டியிருக்கிறார்கள். பிறகுதான் அதற்கடியில் மண்ணைத் தோண்டித் தண்ணீரை விட்டது. வறண்ட தரையில் தூண் எழும்புவதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் எப்படிச் சிரித்திருப்பார்கள்! தூண் எழுந்ததும் வளைவுக்கு மரத்தில் பாதிச் சக்கரம் மாதிரி சாரம் கட்டினார்கள். ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை அந்தச் சாரத்தின்மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் ஏற்றிக்கொண்டே வந்து, உச்சியில் கடைசியாகப் பூட்டுக்கல்லை இறக்கினார்கள். பிறகு சாரத்தின் ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுத்தார்கள். சாரம் கீழே இறங்க இறங்க, கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தாமாகவே நின்றுவிட்டன. மேலே போகும் பாரம் கூடக்கூட அவற்றின் பிடியும் இறுகும்.

சாரத்தைப் பிரித்தபோது தலைமைக் கொத்தனார் வளைவுக்கடியில் போய் நின்றார் என்று ஒரு கதை ஊரில் உண்டு. ஆதாரம் இல்லை. எல்லா ஊரிலும் எல்லாப் பாலத்துக்கும் இதே கதையைச் சொல்கிறார்கள். அதனால் அதை நான் பலகையில் சேர்க்கவில்லை. ஆதாரமில்லாததை எழுத மாட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. ஆனால் அதே பலகைக்கு, "இதன் தூண்கள் பாறையின்மேல் நிற்கின்றன" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு ஆதாரம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பெரியப்பா சொன்னால் சொன்னதுதானே.

அந்தப் பெரியப்பாதான் என் கையில் மரநாரை வைத்துவிட்டுச் சேற்றில் ஓட ஆரம்பித்தார்.

அவர் கரையேறி எங்கே போகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. பாலத்தின் நடுவில் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். எதிரே வந்த பேருந்து அவர் மூக்குக்கு முன்னால் கிறீச்சிட்டு நின்றது.

"பின்னால போ! பின்னால போ! பாலம் இறங்கப் போகுது!"

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "யோவ் பெருசு, சாகுறதுக்கு வேற வண்டி கிடைக்கலையா?"

"மரம்யா! கீழ மரம்! இத்துப்போன மரம்!"

"உன் தலைக்குள்ளயா?"

வண்டிக்குள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. பேருந்தின் முன்கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ள ஆரம்பித்தார். ஒரு பேருந்தை. பெரியம்மா ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"என்னங்க இது, ரோட்டுல! காதுல போட்ட மருந்து மூளைக்கு ஏறிடுச்சா?"

"இதுமேல எத்தனை பேரைப் போக விட்டேன் தெரியுமா?" என்று அவர் பெரியம்மாவிடம் கேட்டார். "நம்ம புள்ளைங்க ஸ்கூலுக்கு இதுமேலதான போச்சு?"

பெரியம்மாவின் பிடி தளர்ந்தது.

கால்வாய் அலுவலகத்தின் இளம் பெண் இன்ஜினியர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். பாலத்தின் மேலே நடந்த கூத்தைக் கவனிக்காமல் நேராகக் கீழே இறங்கினார். நானும் பின்னால் போனேன். அவர் கரிய திட்டைத் தொட்டார், நகத்தால் கீறினார், வெடிப்பை விரலால் அளந்தார். பிறகு தலையைத் தூக்கி வளைவின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே இரண்டு கற்களுக்கு நடுவே புதிதாக ஒரு கோடு விழுந்திருந்தது. அதிலிருந்து வெள்ளைத்தூள் மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது. கீழே நின்றவர்களிடம் திரும்பினார்.

"எத்தனை நாளா இது காய்ஞ்சுகிட்டு இருக்கு?"

"வண்டலை வாரினதுலருந்து, மேடம்" என்றார் தளம் போட வந்த காண்டிராக்டர். "நாங்க கல்லுன்னு நினைச்சோம். பார்த்தா கல்லு மாதிரிதானே இருக்கு?"

பெரியப்பா அதற்குள் கீழே வந்துவிட்டார். "இத்துப்போச்சும்மா. எல்லாம் இத்துப்போச்சு."

"இல்லைங்க" என்றார் இன்ஜினியர். "இது இத்துப்போகல. இத்தனை காலம் தண்ணிக்குள்ள இருந்ததாலதான் இத்துப்போகல. காத்துப் படாத வரைக்கும் மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. களிமண் பூமியில தூண் புதையாம இருக்க, மரத்தை அடுக்கி அதுமேல கல்லை வைப்பாங்க. நல்ல வேலைதான். நாமதான் தண்ணியை வடிச்சு, மண்ணையும் வாரி, வெயில்ல போட்டுட்டோம். காயக்காய மரம் சுருங்கும், வெடிக்கும். மேல இருக்கிற தூண் இறங்கும்."

பெரியப்பாவும் நானும் நினைத்ததற்கு நேரெதிர். இத்தனை காலம் பாலத்துக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை. ஆபத்து வந்தது தண்ணீரை வடித்த பிறகுதான். கீழே பாறை, அதனால் தண்ணீரை வடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று நம்பி நாங்கள் அதைக் கொண்டுவந்திருந்தோம்.

இன்ஜினியர் அடுத்தடுத்துக் காரியங்களைச் செய்தார். பாலத்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தினார். சாக்குகளை நனைத்து மரத்தின்மேல் போர்த்தச் சொன்னார். கரையில் கிடந்த உடைந்த ஜன்னல் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீற்றை எடுத்து, ஏணியில் ஏறி, கல்லில் விழுந்த கோட்டுக்குக் குறுக்கே பாலம் மாதிரி வைத்து, இரண்டு முனையையும் சீக்கிரம் இறுகும் பூச்சால் ஒட்டினார்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"கல்லு நகர்ந்தா கண்ணாடி உடையும். உடையலன்னா நமக்கு நேரம் இருக்கு."

பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். மேலதிகாரியின் குரல் ஒலிபெருக்கியில் நிதானமாக வந்தது. தண்ணீரைத் திரும்ப விடுவது லேசுப்பட்ட காரியமில்லை, வேலை பாதியில் நிற்கிறது, ஒரு குழு வந்து பார்க்கட்டும். அதுமட்டுமில்லை, வரைபடத்தில் அடித்தளம் பாறை என்று தெளிவாக இருக்கிறதே.

"மரத்தைக் கண்ணால பார்க்கிறேன் சார்."

"மேல ஓரத்துல சும்மா மரம் வச்சிருப்பாங்க. அதுக்குக் கீழே பாறை இருக்கும். இத்தனை வருஷமா முக்குளிக்கிறவர் உறுதி செஞ்சதும்மா. அவரையே கேட்டு எழுதி வாங்கு. அவர் பாறை இல்லன்னு சொல்லிட்டா நான் மதகைத் திறக்கச் சொல்றேன்."

போன் வைத்ததும் எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் திட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, ஈரச்சாக்கைக் குழந்தைக்குப் போர்த்துவதுபோல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் காண்டிராக்டர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, பதறாதீங்க. நீங்க சொன்னதுல தப்பே இல்ல. இந்த மரம் மேலாப்புல வச்சது. கீழே உங்க பாறை இருக்கு. தூணைப் பிரிச்சா ஒழிய எவனும் பார்க்க முடியாது. அப்படியே சொல்லிடுங்க. உங்க பேரும் நிக்கும், என் வேலையும் நடக்கும்."

பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சொல்லை அவர் எவ்வளவு விரும்பினார் என்பது எனக்குத் தெரிந்தது. கீழே பாறை இருந்துவிட்டால் போதும். டீக்கடை இருக்கும், வருடா வருடம் இறங்கும் வேலை இருக்கும், ஊர் முன்னால் அவர் பொய்யராக மாட்டார். அதுவும், பாறை இருந்தாலும் இருக்கலாம். இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

பெரியம்மா கரையிலிருந்து கத்தினார். "யாருங்க அது, காதுல ஊதுறது? எங்க வீட்டு மனுஷனுக்குப் பொய் சொல்லிக்குடுக்க நான் ஒருத்தி இருக்கேன், உங்களுக்கு ஏன் சிரமம்?"

யாரோ சிரித்தார்கள். பெரியப்பா எழுந்து, தூணுக்கும் மரத்துக்கும் இடையில் கை நுழையும் இடம் தேடினார். மரத்தின் அடியில் மண் அரித்த ஒரு பொந்து இருந்தது. சேற்றில் குப்புறப்படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டார். கன்னம் சேற்றில் அழுந்தியிருந்தது. கண்களை மூடிக்கொண்டார். தண்ணீருக்கு அடியில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"என்ன தட்டுப்படுது?" என்று காண்டிராக்டர் கேட்டார். "பாறைதானே?"

அப்போது மேலே சின்னதாக ஒரு சத்தம். நகத்தைச் சுண்டினால் வருமே, அவ்வளவுதான். கண்ணாடியைப் பார்க்க மறுபடி ஏணியில் ஏறியிருந்த இன்ஜினியர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி இரண்டாகியிருந்தது.

இத்தனை பெரிய கல் நகர்ந்தது, ஒரு பொட்டுச் சத்தம்கூட அதனிடமிருந்து வரவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. பாலம் கத்தும், அதிரும், எச்சரிக்கும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். உடைந்தது அந்தக் கண்ணாடி மட்டும்தான். கூட்டம் பின்வாங்கியது.

பெரியப்பாவுக்குச் சத்தம் கேட்டிருக்காது. எங்கள் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டார். கையை உருவிக்கொண்டு எழுந்தார்.

"போனைப் போடும்மா. நான் பேசறேன்."

சேற்றுக் கையால் போனை வாங்கி, அதை வாய்க்கு முன்னால் தட்டு மாதிரி பிடித்துக்கொண்டு, எதிர்க்கரைக்கே கேட்கும்படி பேசினார்.

"ஐயா, நான்தான் அந்த முக்குளிக்கிற ஆளு பேசறேன்."

"சொல்லுங்க. கீழே பாறைதானே?"

"ஐயா, நான் இங்க முதல்முதலா இறங்கினப்போ உங்க பழைய ஓவர்சியர் கரையில நின்னாரு. 'கீழ பாறை இருக்கும், இருக்கான்னு பார்த்துட்டு வா'ன்னாரு. நான் போய்க் கம்பியால குத்தினேன். டங்குன்னுச்சு. மேல வந்து, இருக்குதுங்கன்னேன். அவரு பாறைன்னு சொல்லாம இருந்திருந்தா நான் என்னன்னு சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. அவரு சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொன்னேன். நான் சொன்னதை நீங்க வரைபடத்துல எழுதிக்கிட்டீங்க. இப்ப நீங்க எழுதினதை எனக்கே படிச்சுக் காட்டுறீங்க."

"அப்போ கீழே பாறை இல்லையா?"

"தெரியாதுங்க."

"இப்பத்தானே கையை விட்டுப் பார்த்தீங்க?"

"பார்த்தேன். ஏதோ கெட்டியா இருந்துச்சு. அதை என்னன்னு சொல்ல மாட்டேன். போன தடவை சொன்னேன், பாருங்க, எங்க வந்து நிக்குதுன்னு."

"இத்தனை வருஷமா கையெழுத்துப் போட்டிருக்கீங்களேய்யா!"

"ஆமாங்க. இத்தனை வருஷமும் தெரியாமத்தான் போட்டிருக்கேன்." இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது, ஆனால் சத்தம் குறையவில்லை. கரையில் இருந்த ஒவ்வொருவருக்கும் கேட்டது. டீக்கடைக்காரருக்கும் கேட்டது. "பாறைன்னு நான் சொன்னதை அடிச்சிடுங்க. கண்ணாடி உடைஞ்சு போச்சு. தண்ணியை விடுங்க ஐயா."

படிப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றுதான்: ஒரு தகவல் எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நான் ஓரடிகூடப் போகவில்லை. போயிருந்தால் அலுவலகத்திலிருந்து பெரியப்பாவிடமும், பெரியப்பாவிடமிருந்து அலுவலகத்திடமும் வந்து, செக்குமாடு மாதிரி சுற்றியிருப்பேன். நடுவில் பாறை இல்லை. யாரோ ஒருவருடைய "இருக்கும்" மட்டும்தான் இருந்தது. பெரிய ஆசிரியர்களின் பெயர்களோடு நான் படித்த மற்ற வரலாறுகளில் எத்தனை இப்படி இருக்கும் என்று நினைத்தபோது, சேற்றில் நின்ற கால் இன்னும் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது.

மேலதிகாரி மதகைத் திறக்கச் சொன்னார். பொக்லைன் உறுமிக்கொண்டு கரையேறியது. காண்டிராக்டர் பலகைகளையும் குழாய்களையும் வாரிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டு ஓடினார். சாயங்காலம் தண்ணீர் வந்தது. முதலில் குப்பையைத் தள்ளிக்கொண்டு ஒரு பழுப்பு நாக்கு. பிறகு சரசரவென்று அகலமாக. பெரியப்பா திட்டைவிட்டு நகரவில்லை. தண்ணீர் அவர் கணுக்காலைத் தொட்டது, முட்டியைத் தொட்டது.

"மேல வாங்க! நான் கயிறுகூடக் கொண்டாரலை!" என்று பெரியம்மா அலறினார்.

"நனையுது" என்று அவர் சொன்னார். பதிலா, தனக்குத்தானே சொன்னதா என்று தெரியவில்லை. மரம் முழுக்க மூழ்கியபிறகு நீந்தி வந்து கரையேறினார். படியில் இருந்தவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள். யாரும் கேலி பேசவில்லை. அவர்கள் வாய் திறக்காதது அவரைக் கேலியைவிட அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டே வீட்டுக்கு நடந்தார்.

பாலம் விழாமல் நின்றுவிட்டது. கோடு அதற்குமேல் அகலவில்லை. இப்போது அதன்மேல் ஆட்களும் சைக்கிள்களும் மட்டும் போகலாம். கேமரா வைத்த முக்குளிப்பாளர்கள் வேறு எங்கிருந்தோ வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வருடாந்திரச் சோதனை இனி அவர்களுக்குத்தான். அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் அம்மா வீட்டுக்கே வந்து பெரியப்பாவிடம் அதைச் சொன்னார். அவர் "நல்லதும்மா" என்றார். அந்த அம்மா போனபிறகு, அன்று முழுவதும் முற்றத்தில் இரும்புக் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். டீக்கடைக்கு அவர் போவதில்லை. போகச்சொன்னால் "சர்க்கரை ஏறிடுச்சு" என்பார். அவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது.

போன வாரம் தையல்கடைக்கார அக்கா பதறிக்கொண்டு வந்தார். கால்வாய்ப் படியில் கை கழுவும்போது காதுக் கம்மல் விழுந்துவிட்டதாம். பெரியப்பா இறங்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு எழுந்தார். பெரியம்மா கயிற்றை எடுத்தார். நானும் போனேன்.

முன்பெல்லாம் இப்படி ஏதாவது எடுக்கப் போனால், மூடிய கையோடு மேலே வருவார். கரையில் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். "உன் கம்மல்!" என்று கத்திவிட்டுத்தான் கையைத் திறப்பார். இந்தத் தடவை ஒரு வாளியைக் கொண்டுபோனார். மூழ்கினார், வந்தார். மறுபடி மூழ்கினார். வாளி நிறையச் சேற்றோடு படியேறி, ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் கவிழ்த்தார்.

"என்னங்க இது?" என்றார் அக்கா.

"படிக்குக் கீழே இருந்ததெல்லாம் இதுல இருக்கு."

"கம்மல் இருக்கா?"

"பாரு."

"உங்க கைக்குத் தட்டுப்படலையா?"

"என்னென்னவோ தட்டுப்பட்டுச்சு."

பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, அந்தப் பொண்ணு கம்மலைக் கேட்டா சேத்தை அள்ளிக் கொட்டுறீங்களே! இருக்குன்னா இருக்குன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?"

பெரியப்பா தலையைத் துவட்டிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

தையல்கடை அக்கா என்னைப் பார்த்தார். பிறகு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சாக்கின் முன்னால் மண்டியிட்டார். முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டார். ஒரு ஓட்டாஞ்சில்லு. ஒரு பொத்தான். ஏதோ வழவழவென்று நெளிய, கையை உதறிக் கத்தினார். மறுபடி விட்டார். எனக்கு அவரோடு சேர்ந்து துழாவ வேண்டும் போலிருந்தது, ஆனால் அது அவருடைய கம்மல். சேற்றுக்குள் அவர் விரல்கள் மெதுவாக ஊர்ந்து, ஒரு இடத்தில் சட்டென்று நின்றன.

அக்கா கண்களை மூடிக்கொண்டார்.

பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை.